சின்ன பி-யா, பெரிய பி-யா? காசு விஷயத்தில் கேப்பிட்டல் எழுத்து



இந்த வார எபிசோட்ல பங்கு விலைகளை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டுக்குள் தானாக வர வைப்பது எப்படி என்று கதைச்சோம். கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நடுவில் ஒரு இடத்தில் "ஜிபிபி இல்ல, ஜிபிபி" என்று ஒருவர் சொல்ல, "அதைத்தானே நானும் சொன்னேன்" என்று மற்றவர் சொல்ல, ரெண்டு நிமிஷம் ஒரே சிரிப்பு. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது காதில் விழாது. அதனால்தான் அந்தப் பகுதியை மடலுக்குத் தள்ளி வைத்தோம்.

இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கு. தமிழில் பெரிய "அ", சின்ன "அ" என்று கிடையாது. போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் ரெண்டு தனித்தனி எழுத்தாக இருப்பவை தமிழில் ஒரே "பி" ஆகிவிடும். அதனால் "பெரிய", "சின்ன" என்று சொல்லிச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது சுருக்கமான விதி: சொற்களின் முதல் எழுத்துகளை எடு, எல்லாவற்றையும் கேப்பிட்டலில் போடு, முடிஞ்சுது. காசு சம்பந்தமான சுருக்கெழுத்துகளில் அந்த விதி பாதி தூரம்தான் கூட வரும். சில இடங்களில் பெரிசா சின்னதா என்பது வெறும் ரசனை, ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு பழக்கம். சில இடங்களில் அது சட்டம் வைத்த பெயர். இன்னும் சில இடங்களில் அந்த எழுத்தின் அளவுதான் தொகை. அது மாறினால் காசு மாறும். ஆபத்தானது அந்த மூன்றாவது வகை. அதிலிருந்தே தொடங்குவோம்.

பவுண்டும் பென்ஸும்

நாணயங்களுக்கு மூன்று எழுத்துக் குறியீடு வைப்பது ஐஎஸ்ஓ 4217 என்ற தரநிலை. 1978-இல் முதலில் வெளிவந்தது. மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. பெரும்பாலும் முதல் ரெண்டும் நாட்டைச் சொல்லும், மூன்றாவது நாணயத்தைச் சொல்லும். இலங்கை ரூபாய்க்கு எல்கேஆர், சிங்கப்பூர் டாலருக்கு எஸ்ஜிடி, கனடா டாலருக்கு சிஏடி. சுவிஸில் இருக்கும் நம்மாட்கள் தினமும் பார்க்கும் சிஎச்எஃப்-இல் உள்ள சிஎச், கான்ஃபெடரேஷியோ ஹெல்வெட்டிகா என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் பவுண்டுக்கு ஜிபிபி. மூன்றும் பெரிசு.

ஆனால் லண்டன் பங்குச் சந்தையில் பெரும்பாலான கம்பனிப் பங்குகளுக்கு விலை சொல்வது பவுண்டில் இல்லை, பென்ஸில். திரையில் 310 என்று இருந்தால் அது 3 பவுண்ட் 10 பென்ஸ். பென்ஸ் தனி நாணயம் இல்லை என்பதால் ஐஎஸ்ஓ அதற்குக் குறியீடு கொடுக்கவில்லை. விலைத் தரவு கொடுப்பவர்கள் தாங்களே ரெண்டு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒன்று, கடைசி எழுத்தை மட்டும் சின்னதாக்குவது. யாஹூ ஃபைனான்ஸ் அப்படித்தான் தருது: முதல் ரெண்டும் பெரிசு, கடைசி பி மட்டும் சின்னது. இன்னொன்று, கடைசி எழுத்தையே மாற்றி ஜிபிஎக்ஸ் என்று வைப்பது.

சின்ன பி-க்கு ஒரு நியாயம் இருக்கு. 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அந்தப் பழைய பென்ஸுக்குக் குறி சின்ன டி, ரோமர்களின் டெனாரியஸ் நாணயத்தின் முதல் எழுத்து. அன்றிலிருந்து ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ் ஆனது, குறியும் சின்ன பி ஆனது. பிரிட்டனில் வளர்ந்த எவருக்கும் 60-க்குப் பக்கத்தில் சின்ன பி என்றால் பென்ஸ் என்று யோசிக்காமலே விளங்கும். மனிதக் கண்ணுக்குச் சரிதான். கம்ப்யூட்டர் அப்படிப் பார்க்காது.

போன மாதம் லண்டனில் இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். அவருடைய அப்பா வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குகளிலும் இடிஎஃப்களிலும் போட்டு வைத்திருக்கிறார். லாகின், பாஸ்வேர்ட் எல்லாம் அவருக்குத் தலையிடி. அதனால் மகள் ஒரு ஷீட் செய்து கொடுத்தார்: எத்தனை பங்கு, இன்றைய விலை, மொத்தப் பெறுமதி. விலை யாஹூவில் இருந்து தானாக வரும். அடுத்த நாள் காலமை அப்பாவின் போன்.

"பிள்ளை, இதில மூண்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் பவுண்ட் எண்டு காட்டுது. நான் எப்ப இவ்வளவு உழைச்சனான்?"

"பொறுங்கோ அப்பா, பார்க்கிறன்."

1,200 பங்கு, விலை 310. பெருக்கினால் 372,000. ஆனால் 310 என்பது பென்ஸ். உண்மையான தொகை 3,720 பவுண்ட். ரெண்டு பேரும் சிரித்துவிட்டு விட்டார்கள். மகள் ஒரு இஃப் ஃபார்முலா போட்டார்: நாணயம் என்று தலைப்புப் போட்ட இடத்தில் கடைசி பி சின்னதாக இருந்தால் விலையை 100-ஆல் வகு, இல்லாவிட்டால் அப்படியே விடு. பங்கு சரியாகிவிட்டது.

ரெண்டு நாள் கழித்து மறுபடி போன். இந்த முறை சிரிப்பு இல்லை.

"பிள்ளை, அந்த ஃபண்ட் விழுந்திட்டுது போல கிடக்கு. மிச்சத்தையாவது வித்து எடுப்பமோ?"

அப்பாவிடம் 60 இடிஎஃப் யூனிட்டும் இருந்தது, ஒன்று 82 பவுண்ட். லண்டனில் விற்கப்படும் இடிஎஃப்களில் சிலவற்றுக்கு விலை பென்ஸில், சிலவற்றுக்குப் பவுண்டில், சிலவற்றுக்கு அமெரிக்க டாலரிலேயே இருக்கும். இது பவுண்டில் இருந்தது, மூன்று எழுத்தும் பெரிசு. அதை வகுக்கவே கூடாது. ஆனால் ஷீட் வகுத்துவிட்டது. 4,920 பவுண்ட் இருக்க வேண்டிய இடத்தில் 49 பவுண்ட் 20 பென்ஸ்.

ஃபார்முலாவைப் பார்த்தால் பிழையே இல்லாத மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால், எக்ஸெலிலும் கூகுள் ஷீட்ஸிலும் சமக்குறி போட்டு ரெண்டு சொல்லை ஒப்பிட்டால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கணக்கில் வராது. பவுண்டும் பென்ஸும் அதற்கு ஒன்றுதான். விலுக்கப் ஃபார்முலாவும் அப்படித்தான். எழுத்தின் அளவையும் சேர்த்து ஒப்பிட வேண்டும் என்றால் எக்ஸாக்ட் என்ற தனி ஃபங்ஷன் இருக்கு, ரெண்டிலும். இஃப்-க்குள் சமக்குறிக்குப் பதிலாக அதைப் போட்டால் வேலை முடிந்தது. பத்து வினாடி வேலை, ஆனால் அப்படி ஒன்று இருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கதையில் எனக்குப் பயம் தந்தது முதல் பிழை இல்லை, ரெண்டாவதுதான். நூறு மடங்கு கூடினால் எவருக்கும் சந்தேகம் வரும். நூறு மடங்கு குறைந்தால்? சந்தை விழுந்துவிட்டது என்று சட்டென்று நம்பிவிடுவோம். அதுவும் நம் அப்பா அம்மாவின் தலைமுறை. நட்டம் என்றால் அவர்கள் உடனே நம்புவார்கள், லாபம் என்றால்தான் ரெண்டு தரம் கேட்பார்கள்.

கோட் எழுதுபவர்களுக்கு

ஸ்ப்ரெட்ஷீட் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெளியில் இருந்து வரும் தரவைச் "சுத்தம்" பண்ணும்போது எல்லா எழுத்தையும் பெரிசாக்கிவிடுவது நம்மில் பலருக்குக் கை தானாகச் செய்யும் வேலை. பைதானில் அப்பர் என்று ஒரு சொல். நாட்டுக் குறியீட்டுக்கு, மின்னஞ்சல் டொமைனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நாணயத்துக்குச் செய்தால் பென்ஸ் எல்லாம் பவுண்ட் ஆகிவிடும். அதற்குப் பிறகு திரும்பிப் போக வழியே இல்லை, ஏனென்றால் இருந்த ஒரே தடயம் அந்த எழுத்தின் அளவுதான், அதை அழித்தாச்சு.

மைஎஸ்கியூஎல்-லின் இயல்பான அமைப்பும் ஒப்பிடும்போது பெரிசு சின்னதைப் பார்க்காது. பவுண்ட் என்று தேடினால் பென்ஸ் வரிசைகளும் சேர்ந்து வரும். போஸ்ட்கிரஸ் பார்க்கும். ஒன்றில் ஓடிய கோட் மற்றதில் வேறு விடை தரும்.

இதற்கு நேர்மாறான பழக்கமும் இருக்கு. கட்டணம் வாங்கும் ஸ்ட்ரைப்பின் ஏபிஐ நாணயக் குறியீட்டைச் சின்ன எழுத்தில்தான் கேட்கும், மூன்றும் சின்னது. ஐஎஸ்ஓ பெரிசாக எழுதச் சொல்லியிருக்க, அவர்கள் சின்னதாக எழுதுகிறார்கள். தொகையை மட்டும் பென்ஸில், சென்ட்டில் கேட்பார்கள். 10 பவுண்ட் வாங்க 1000 என்று அனுப்ப வேண்டும். ஆக ஒரே ஆப்பில் யாஹூவையும் ஸ்ட்ரைப்பையும் சேர்த்துப் பாவிப்பவருக்கு ஒரு பக்கம் சின்ன பி என்றால் பென்ஸ், மறு பக்கம் சின்ன பி என்றால் ஒரு அர்த்தமும் இல்லை.

என்னைக் கேட்டால், உள்ளே சேமிக்கும்போது எழுத்தின் அளவில் எதையும் ஒளித்து வைக்காதீங்க. நாணயம் ஒரு இடத்தில், அலகு இன்னொரு இடத்தில். நாணயம் பவுண்ட், அலகு நூறில் ஒன்று. தரவு உள்ளே வரும் வாசலிலேயே மாற்றிவிட்டால், பிறகு யார் அப்பர் போட்டாலும் கவலை இல்லை. ரெண்டு குறியீட்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் வசதி உங்களுக்கு இருந்தால் ஜிபிஎக்ஸ்-ஐ எடுங்க. பார்க்க அழகில்லைதான். ஆனால் பெரிசாக்கினாலும், சின்னதாக்கினாலும், போனில் வாயால் சொன்னாலும் அது தப்பும். டெல் அவிவ் பங்குகளுக்கு யாஹூ செய்வதும் இதுதான். ஷேக்கலின் நூறில் ஒன்றான அகோராவுக்கு ஐஎல்ஏ என்று எழுத்தையே மாற்றி வைத்திருக்கு. ஜோஹன்னஸ்பர்க்குக்கு மட்டும் மறுபடி சின்ன எழுத்து: ராண்ட் என்றால் கடைசி எழுத்து ஆர், அதன் சென்ட் என்றால் சின்ன சி. ஒரே தளத்துக்குள் ரெண்டு பழக்கம்.

எழுத்தின் அளவைப் பாதுகாப்புக்காகவே பாவிக்கும் ஒரு இடமும் உண்டு. எத்தீரியம் முகவரிகளில் இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் கலந்து வரும். சில பெரிசு, சில சின்னது, ஏதோ கை போன போக்கில் அடித்த மாதிரி. 2016-இல் வந்த இஐபி-55 என்ற ஏற்பாட்டின்படி, எது பெரிசு எது சின்னது என்பது அந்த முகவரியிலிருந்தே கணக்கிட்டு எடுக்கப்படுவது. ஒரு எழுத்தை மாற்றி அடித்தால் பெரிசு சின்னது பொருந்தாமல் போகும், வாலட் எச்சரிக்கும். எல்லாவற்றையும் சின்னதாக்கிக் கொப்பி பண்ணினால் முகவரி அதேதான், ஆனால் அந்தக் காவல் போய்விடும்.

எம் என்றால் ஆயிரமா, பத்து லட்சமா?

வங்கியில், கன்சல்டிங்கில் இன்டர்ன்ஷிப் போகிற எல்லோரும் முதல் வாரத்தில் முட்டிக்கொள்வது இந்த எழுத்தில்தான்.

ரோமன் இலக்கத்தில் பெரிய எம் என்றால் ஆயிரம், மில்லே. அமெரிக்க நிதித் துறையின் பழைய வழக்கத்தில் இன்றும் அதுதான்: ஒரு எம் ஆயிரம், ரெண்டு எம் ஆயிரத்தின் ஆயிரம், அதாவது மில்லியன். எரிவாயு வியாபாரத்தில் இது இன்னும் உயிரோடு இருக்கு. எம்சிஎஃப் என்றால் ஆயிரம் கன அடி. அதே பில்லில் எம்எம்பிடியு என்றால் மில்லியன் பிடியு. நம்ம பாட்காஸ்ட் உலகத்திலும் உண்டு. விளம்பரத்துக்கு விலை பேசும் சிபிஎம்-இல் உள்ள எம் மில்லியன் இல்லை, ஆயிரம். ஆயிரம் பேர் கேட்டால் இவ்வளவு என்று அர்த்தம்.

விஞ்ஞானப் பாடத்தில் படித்தது வேறு. அங்கே பெரிய எம் மெகா, அதாவது மில்லியன். சின்ன எம் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. மெகாவாட்டுக்கும் மில்லிவாட்டுக்கும் நடுவில் நூறு கோடி மடங்கு, வித்தியாசம் ஒரு ஷிஃப்ட் கீ.

பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு வாங்க. கார்டியனிலும் எக்கனமிஸ்டிலும் சின்ன எம் என்றால் மில்லியன், சின்ன பிஎன் என்றால் பில்லியன். அமெரிக்கத் தலைப்புச் செய்திகளில் அதே மில்லியனுக்குப் பெரிய எம், பில்லியனுக்கு ஒற்றைப் பெரிய பி. இலங்கைக் கம்பனிகளின் ஆண்டறிக்கையைத் திறந்தால் எம்என், பிஎன், முதல் எழுத்து மட்டும் பெரிசு. பிரான்சில் மில்லியன் யூரோவுக்குப் பெரிய எம், அதற்குப் பிறகு யூரோக் குறி. பில்லியனுக்கு எம்டி, டி சின்னது, ஏனென்றால் அவர்களுடைய சொல் மில்லியார். ஜெர்மனியில் மில்லியனுக்கு எம்ஐஓ, பில்லியனுக்கு எம்ஆர்டி, ரெண்டிலும் முதல் எழுத்து பெரிசு, ஏனென்றால் ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ஜெர்மன்காரர் "பில்லியோன்" என்று சொன்னால் அது ஆங்கிலத்தின் டிரில்லியன் என்பது இதற்கு மேல் ஒரு தலையிடி. பிரிட்டனே 1974-இல்தான் அரசாங்கக் கணக்கில் ஒரு பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன் என்று முடிவு செய்தது.

ஆக ஒரு மின்னஞ்சலில் "பட்ஜெட் 20" என்று போட்டு பக்கத்தில் ஒரு பெரிய எம் வந்தால், அனுப்பியவர் யார், எந்தத் துறை, எந்த நாடு என்று தெரியாமல் அது இருபதாயிரமா இரண்டு கோடியா என்று சொல்ல முடியாது. ஹூஸ்டனில் எரிவாயுக் கம்பனியில் வேலை செய்யும் ஒருவருக்கும் லண்டனில் இருக்கும் உங்களுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு இடைவெளி, ரெண்டு பேரும் தங்கள் வழக்கப்படி சரியாகவே எழுதியிருப்பீங்க.

கணக்காளர்கள் இதைக் கெட்டித்தனமாகச் சமாளிக்கிறார்கள். பிரிட்டிஷ் கம்பனிக் கணக்குகளில் அட்டவணையின் தலையில் பவுண்ட் குறியும் அதற்குப் பக்கத்தில் மூன்று பூச்சியமும் போட்டிருப்பார்கள். எல்லாத் தொகையும் ஆயிரத்தில் என்று அர்த்தம். இலங்கைக் கம்பனிக் கணக்குகளிலும் ரூபாய்க்குப் பக்கத்தில் அதே மூன்று பூச்சியம். எழுத்தே இல்லை, பிறகு பெரிசு சின்னது எங்கே வரப்போகுது? அட்டவணைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மின்னஞ்சலிலும் ஒப்பந்தத்திலும் மில்லியன் என்று முழுச் சொல்லாக எழுதிவிடுங்க. ஆறு ஏழு எழுத்து கூட அடித்தால் கை நோகாது.

கே இந்த அளவுக்கு மோசமில்லை. கிலோவின் கே சின்னது, பெரிய கே விஞ்ஞானத்தில் வெப்பநிலைக்கான கெல்வின். சம்பளம் 50 என்று போட்டுப் பக்கத்தில் சின்ன கே போட்டாலும் பெரிய கே போட்டாலும் யாரும் வெப்பநிலை என்று நினைக்கப் போவதில்லை. எனக்குச் சின்ன கே பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் 10-க்குப் பிறகு ஒரு சின்னக் கோடு போட்டுப் பெரிய கே வந்தால், அது பத்தாயிரம் இல்லை. அமெரிக்கக் கம்பனிகள் வருடா வருடம் பங்குச் சந்தை ஆணையத்துக்குக் கொடுக்கும் அறிக்கைப் படிவத்தின் பெயர் அது.

சட்டம் வைத்த பெயர்கள்

அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் சொற்களில் ஒன்று 401(கே). அடைப்புக்குள் இருக்கும் கே சின்ன எழுத்து. எவ்வளவோ பேர் பெரிசாக எழுதுகிறார்கள், ஆயிரத்தின் கே என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது எதற்கும் சுருக்கம் இல்லை. அமெரிக்க வரிச் சட்டத்தின் 401-ஆம் பிரிவில் ஏ, பி, சி என்று சின்ன எழுத்தில் உட்பிரிவுகள் போகும். 1978-இல் வந்த சட்டம் ஒன்று சேர்த்த உட்பிரிவுதான் கே. அந்தச் சட்டத்தில் பெரிய எழுத்து என்றால் அதற்கும் கீழே உள்ள இன்னொரு படி. எனவே பெரிய கே போட்டால் பார்வைக்கு மட்டும் பிழை இல்லை, முகவரியே பிழை.

இதற்கு நேர்மாறு ராத் ஐஆர்ஏ. ஐஆர்ஏ மூன்றும் பெரிசு, சரி. ஆனால் ராத்-தின் நான்கு எழுத்தையும் கேப்பிட்டலில் எழுதி, அதற்கு என்ன விரிவு என்று கூகுளில் தேடுபவர்கள் இருக்கிறார்கள். விரிவு கிடையாது. அது வில்லியம் ராத், டெலவேர் மாநில செனட்டர். 1997-இல் வந்த வரிச் சட்டம் அந்தக் கணக்கை உருவாக்கியது, அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். மனிதர் பெயர் என்பதால் முதல் எழுத்து மட்டும்தான் பெரிசு. (அமெரிக்கப் பங்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் நிரப்பும் டபிள்யூ-8பென் படிவத்தில் இருக்கும் பென் மட்டும் யாருடைய பெயரும் இல்லை. அதனால் மூன்றும் பெரிசு.)

ரசனை மட்டும்தான்

பிரிட்டனில் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு ஐசா. அரசாங்கத் தளத்தில் மூன்று எழுத்தும் பெரிசு. கார்டியனில் முதல் எழுத்து மட்டும் பெரிசு. யார் பிழை? ஒருவரும் இல்லை. ஒரு சொல்லாகச் சேர்த்து உச்சரித்தால் முதல் எழுத்து மட்டும், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னால் எல்லாமே பெரிசு என்பது கார்டியனின் வழக்கம். நாசாவையும் நேட்டோவையும் அவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த வழக்கத்தில் லைபோர் வட்டி விகிதம் வெறும் லைபோர் ஆனது. அதற்குப் பதிலாக பாங்க் ஆஃப் இங்கிலாந்து நடத்தும் சோனியா விகிதம் வங்கியின் அறிக்கையில் ஐந்து கேப்பிட்டலோடு நிற்கும், பத்திரிகையில் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி வரும். 1971-இல் தொடங்கிய நாஸ்டாக்கும் ஒரு நீளமான பெயரின் முதல் எழுத்துகள்தான். இப்போது அந்த நிறுவனமே முதல் எழுத்தை மட்டும் பெரிசாக்கி எழுதுது.

கனடாவின் ஆர்ஆர்எஸ்பி, டிஎஃப்எஸ்ஏ போன்றவற்றை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம், அதனால் எல்லாமே பெரிசு. பன்மைக்கு வரும் எஸ் மட்டும் சின்னது, அதற்கு முன்னால் அப்போஸ்ட்ரஃபி வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு என்ற ஒய்ஓஒய்-யில் நடு ஓ சின்னதாக வருவது, அது நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொல் என்பதால். அதே நியாயப்படி பார்த்தால் ஒய்டிடி-யின் நடு டி-யும் சின்னதாக இருந்திருக்க வேண்டும், ஆனால் எல்லோரும் பெரிசாகவே எழுதுகிறார்கள். நியாயம் தேடாதீங்க. வட்டி விகிதத்தில் வரும் பிபிஎஸ் மூன்றும் சின்னது. 25 பிபிஎஸ் என்றால் 0.25%. இணைய வேகத்திலும் இதே மூன்று எழுத்து, இதே சின்ன அளவு வரும், அங்கே வினாடிக்கு எத்தனை பிட் என்று அர்த்தம். வசனத்தைப் பார்த்தால் விளங்கும்.

இந்த மாதிரி இடங்களில் என் வழக்கம் எளிமையானது. யாருக்கு எழுதுகிறேனோ அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பேன். வேலைக்கு விண்ணப்பம் என்றால் அந்தக் கம்பனியின் கடைசி ஆண்டறிக்கையைத் திறந்து, அதில் எப்படி இருக்கோ அப்படியே. எனக்கே எழுதுவதென்றால் ஒன்றைத் தெரிவு செய்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்வேன். முதல் பக்கத்தில் ஒரு மாதிரி, மூன்றாம் பக்கத்தில் வேறு மாதிரி என்றால்தான் படிப்பவர் கண்ணில் உறுத்தும்.

இந்தியாவில் அப்பா அம்மா பெயரில் கணக்கு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். செய்திகளில் சிஆர் என்றால் கோடி, லட்சத்துக்கு எல். அந்த எல் பெரிசாக இருப்பதற்கு நல்ல காரணம் இருக்கு. சின்ன எல், பல ஃபான்ட்களில் 1 மாதிரியே இருக்கும். 5 லட்சம் 51 ஆகிவிடும். லீட்டருக்குப் பெரிய எல் பாவிக்கலாம் என்று சர்வதேச அளவைக்காரர்கள் 1979-இல் அனுமதித்ததும் இதற்காகத்தான். ஆனால் வங்கி ஸ்டேட்மெண்டில் மீதித் தொகைக்குப் பக்கத்தில் சிஆர் என்று இருந்தால் அது கோடி இல்லை, கிரெடிட். உங்கள் காசு உள்ளே இருக்கு என்று மட்டும்தான் அர்த்தம். ரெண்டு இடத்திலும் ஆர் பெரிசாகவும் வரும், சின்னதாகவும் வரும். இங்கே எழுத்தின் அளவை நம்ப முடியாது, எங்கே எழுதியிருக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த எபிசோட் பதிவுக்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே எழுதியதில் பிரிட்டனும் வட அமெரிக்காவும்தான் கூட. நோர்வே, டென்மார்க், மலேசியா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் உங்கள் சம்பளச் சீட்டையோ பென்ஷன் கடிதத்தையோ எடுத்து, அதில் பெரிசும் சின்னதும் கலந்து வரும் சுருக்கெழுத்து ஒன்றைப் பார்த்து எழுதி அனுப்புங்க. தொகையை மறைத்துவிட்டு அனுப்புங்க.